ஒக்கொங்வோவும் ஆரோக்கியமும்

ஒரு நாவலின் நாயகன் தன்னை அப்பா என்று கூப்பிட்ட பையனை வெட்டிக் கொல்கிறான். பெண்டாட்டிகளை அடிக்கிறான். செத்துப்போன தகப்பனை நினைத்தாலே அவனுக்குக் கூச்சம். பாசமாக ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டால், ஆண்பிள்ளைக்கு இது அழகா என்று அதை விழுங்கிக்கொள்கிறான். இப்படிப்பட்டவன் கடைசியில் ஒரு மரத்தில் தொங்குவதைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சை அடைக்கிறது. சினுவா அச்செபேயின் முதல் நாவலை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அதன் பெரிய சாதனை இதுதான்: பிடிக்காத ஒருவனுக்காக நம்மை அழ வைத்துவிடுகிறது.

அந்த நாவல் 1958இல் லண்டனில் வெளிவந்தது. முதல் பதிப்பு 2000 பிரதிகள். தமிழில் அதை என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று மொழிபெயர்த்திருக்கிறார். நாவல் வெளிவந்தபோது அச்செபேக்கு வயது 28கூட நிறையவில்லை. நைஜீரியாவில் ஒகிடி என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் திருச்சபையில் உபதேசியார். வீட்டுக்குள் பைபிளும் கீர்த்தனையும். நாலு வீடு தள்ளிப் போனால் உறவுக்காரர்கள் பழைய தெய்வத்துக்குப் படையல் போடுவார்கள். இபாதானில் கல்லூரியில் படிக்கும்போது ஜாய்ஸ் கேரி என்ற ஆங்கிலோ-ஐரிஷ் எழுத்தாளர் நைஜீரியாவைப் பற்றி எழுதிய 'மிஸ்டர் ஜான்சன்' நாவலைப் பாடமாக வைத்தார்கள். அதில் வந்த தன் நாட்டு மனிதர்களைப் பார்த்து மாணவர்கள் கொதித்துப்போனார்கள். நம் கதையை நாமே சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அச்செபேக்கு அங்கேதான் உறுதிப்பட்டது.

அவமானப்பட்ட ஒருவன் பதில் சொல்லக் கிளம்பினால் என்ன செய்வான்? எங்கள் பாட்டன் பூட்டன் காலம் பொற்காலம், வெள்ளைக்காரன் வந்துதான் கெடுத்தான் என்பான். அந்தக் காலத்தில் அப்படி எழுதியிருந்தால் கைதட்டலும் கிடைத்திருக்கும். அச்செபே அந்த வழிக்குப் போகவில்லை. அவர் காட்டும் உமுவோஃபியா என்ற ஊரில் இரட்டைப் பிள்ளை பிறந்தால் பானையில் போட்டுக் காட்டில் எறிந்துவிடுகிறார்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள் என்று ஒரு கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களைத் தொட்டாலும் தீட்டு, அவர்களுக்கு முடிவெட்டக்கூட உரிமை கிடையாது. இத்தனையையும் மறைக்காமல் வைத்துவிட்டுத்தான், அந்த ஊரின் கிழங்கு அறுவடையையும் மல்யுத்தத்தையும் நிலா இரவில் பிள்ளைகள் ஆடுவதையும் நாலு பேர் கூடிப் பேசி வழக்குத் தீர்க்கும் நேர்த்தியையும் எழுதுகிறார். நமக்கு அந்த ஊரின் மேல் ஆசை வருகிறது. ஆசை வந்த பிறகும் காட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் காதை விட்டுப் போவதில்லை.

இகெமெஃபூனா என்ற பையன் சாகும் அத்தியாயத்தை இதற்காகவே மறுபடி மறுபடி படிப்பேன். கொலைக்கு ஈடாகப் பக்கத்து ஊர் கொடுத்த பிள்ளை அவன். 3 ஆண்டுகள் நாயகன் ஒக்கொங்வோவின் வீட்டில் வளர்கிறான். மூத்த மகன் நுவோயேக்கு அண்ணன் மாதிரி ஆகிவிடுகிறான். திடீரென்று தெய்வவாக்கு வருகிறது, பையனைக் கொல்ல வேண்டும் என்று. ஊரிலேயே மூத்தவர் ஒருவர் ஒக்கொங்வோவைத் தனியே கூப்பிட்டு, அவன் உன்னை அப்பா என்கிறான், இதில் நீ கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போகிறார். பையனிடம் உன் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். தலையில் கள்ளுப்பானை. நடக்க நடக்க அவனுக்குத் தாய் உயிரோடு இருக்கிறாளா என்ற கவலை. சின்ன வயதுப் பாட்டு ஒன்றை மனதுக்குள் பாடிக்கொண்டே அடி வைக்கிறான். பாட்டு வலது காலில் முடிந்தால் அம்மா நன்றாக இருக்கிறாள், இடது காலில் முடிந்தால் செத்துவிட்டாள். உடனே தன்னைத் திருத்திக்கொள்கிறான்: இல்லை, செத்துப்போகவில்லை, உடம்புக்கு முடியவில்லை, அவ்வளவுதான். பாட்டு வலது காலில் முடிகிறது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து வெட்டு விழுகிறது. அப்பா என்று கத்திக்கொண்டு அவன் ஓடி வருவது ஒக்கொங்வோவிடம். மற்றவர்கள் தன்னைக் கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒக்கொங்வோவே வெட்டுகிறான்.

அந்தப் பாட்டு இல்லாவிட்டால் இது ஒரு கொடூரக் காட்சி, அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் கால் கணக்கை நடுவில் வைத்ததில்தான் எழுத்தாளனின் கை தெரிகிறது. சாகப் போகிறவனுக்கு நல்ல சகுனம் காட்டி அனுப்புகிறார் அச்செபே. கண்ணீருக்காக ஒரு வரிகூடக் கூடுதலாக எழுதவில்லை.

இந்தக் கொலைதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் கதவைத் திறக்கிறது. அன்றைக்கு நுவோயேக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோகிறது. ஆண்டுகள் கழித்து வெள்ளைப் பாதிரியாரும் அவர் ஆட்களும் வந்து பாட்டுப் பாடும்போது, அந்தப் புதுச் சாமியின் தத்துவம் எதுவும் அவனுக்குப் புரியவில்லை. காட்டில் அழுத இரட்டைக் குழந்தைகளுக்கும் இகெமெஃபூனாவுக்கும் அந்தப் பாட்டில் ஆறுதல் இருப்பதாக மட்டும் தோன்றுகிறது. போய்ச் சேர்ந்துவிடுகிறான். இரட்டைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் போகிறாள். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் போகிறார்கள். வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு வந்தான் என்பது உண்மை. ஆனால் ஊர் உள்ளே வைத்துப் பூட்டியிருந்த துயரம் அவனுக்கு முன்பே தாழ்ப்பாளை எடுத்துவிட்டது. தன் ஊரின் தோல்வியை எழுதும் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எதிரியைத் திட்டி எழுதப்பட்ட நூறு கதைகள் காலத்தில் கரைந்துபோன பிறகும் இந்தக் கதை நிற்பதற்கு அதுவே காரணம் என்பேன்.

ஒக்கொங்வோவின் சாவைத் தமிழ் மனம் சட்டென்று தவறாகப் படித்துவிடும். நமக்குக் கணைக்கால் இரும்பொறை இருக்கிறான். சோழன் சிறையில் கேட்ட தண்ணீர் காலம் தாழ்ந்து வந்ததென்று அதைக் குடிக்காமல் உயிர்விட்ட சேரன். புறநானூற்றில் அவன் பாட்டு இருக்கிறது. வடக்கிருந்து செத்த கோப்பெருஞ்சோழனும் இருக்கிறான். மானம் போன பிறகு உயிரை விடுவது நம்மிடம் பாட்டுக்குரிய செயல். ஒக்கொங்வோவும் சிறைப்படுகிறான், மொட்டை அடிக்கப்படுகிறான், சவுக்கடி வாங்குகிறான். வெளியே வந்து, கூட்டத்தைக் கலைக்க வந்த அரசாங்க ஏவலாளின் தலையைச் சீவுகிறான். ஊர் தன் பின்னால் எழவில்லை என்று தெரிந்ததும் தூக்குப் போட்டுக்கொள்கிறான். ஆகா, வீர மரணம் என்று நாம் நினைக்கும் இடத்தில் அச்செபே நம்மைத் தடுத்து நிறுத்துகிறார். அந்த மக்களுக்குத் தற்கொலை பெரும்பாவம். மண்ணாகிய தெய்வத்துக்கு இழைத்த குற்றம். சொந்த இனத்தான் பிணத்தைத் தொடக்கூடாது. அந்நியர்கள்தான் இறக்க வேண்டும், அந்நியர்கள்தான் புதைக்க வேண்டும். எந்த முறைமைக்காக அவன் வாளெடுத்தானோ, அந்த முறைமையே அவனைத் தீண்டாதவனாக்கி வெளியே போட்டுவிடுகிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அவன் தகப்பன் உனோக்கா கடன்காரன், குழலூதி, சோம்பேறி. வயிறு வீங்கும் நோய் கண்டு, மண்ணுக்கு ஆகாதென்று காட்டில் கிடந்து செத்தவன். அவனைப்போல ஆகிவிடக்கூடாது என்பதுதான் ஒக்கொங்வோவின் வாழ்நாள் ஓட்டம் முழுவதும். கடைசியில் தகப்பனுக்கு வாய்த்த அதே கதி, முறையான அடக்கமில்லாத சாவு. நாவல் முதல் பக்கங்களில் போட்ட விதையை இப்படிக் கடைசியில் அறுக்கும்போது, நாவல் என்ற வடிவத்தின் மேலேயே ஒரு மரியாதை வருகிறது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கம்மாபுரமும் விருத்தாசலமும் முந்திரிக்காடும் சேர்ந்த இந்த நடுநாட்டுச் செம்மண்ணில் ஒரு ஒக்கொங்வோ உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். அது ஆண் இல்லை. அதற்கு நிலமும் இல்லை, பட்டமும் இல்லை, மல்யுத்தத்தில் யாரையும் சாய்த்த கதையும் இல்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் வரும் ஆரோக்கியம்.

இமையம் இதே கடலூர் மாவட்டத்துக் கழுதூர்க்காரர். க்ரியா பதிப்பகம் 1994இல் இந்த நாவலை வெளியிட்டது. பின்னர் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலத்தில் கொண்டுபோனார். ஆரோக்கியமும் அவள் புருஷன் சவுரியும் தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே, அவர்களுக்கு ஊழியம் செய்யும் குடும்பம். அழுக்குத் துணி எடுப்பது, பிள்ளைப்பேறு பார்ப்பது, சாவு வீட்டுச் சடங்கு, அந்தி சாய்ந்தால் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவது, அறுப்புக் காலத்தில் களத்தில் நின்று தன் பங்குத் தானியத்தைக் கேட்பது. அவள் வாழ்க்கை இவ்வளவுதான். இந்த ஊழியத்தை அவள் வெறுக்கவில்லை என்பதுதான் நாவலின் உயிர். எந்த வீட்டுப் பிள்ளை எப்போது பிறந்தது, எந்தக் கிழவி எப்படிச் செத்தாள் என்று ஊர் முழுவதும் அவள் கைக்குள் இருக்கிறது. தன்னை அந்த ஊரின் சொத்தாக நினைக்கிறாள். ஊரைத் தன் சொத்தாகவும் நினைக்கிறாள்.

அதனால்தான் உடைகிறாள். களத்தில் விழும் தானியம் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. சலவைக்கடை வருகிறது. வேலைக்குக் காசு என்ற கணக்கு வருகிறது. மூத்த மகன் ஜோசப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். இந்த வேலையை விட்டொழிப்போம் என்று வீட்டுக்குள்ளேயே குரல் எழும்போது ஆரோக்கியத்துக்கு அது துரோகமாகப்படுகிறது. நம் புத்திக்கு மகன் சொல்வதே சரி. போகட்டும், எங்கேயாவது போய் மானமாகப் பிழைக்கட்டும் என்றுதான் தோன்றும். மனம் மட்டும் கிழவி பக்கமே நிற்கும். தந்தையின் உலகத்தைவிட்டு நுவோயே நடந்துபோனபோது எந்தக் கலக்கம் வந்ததோ, அதே கலக்கம்.

மகள் மேரிக்கு நேரும் கொடுமையைச் சொல்லாமல் இந்த நாவலைப் பாராட்டக்கூடாது. துணி எடுக்கப் போன இடத்தில் ஊர்க்காரன் ஒருவன் அந்தப் பெண்ணைச் சீரழிக்கிறான். ஆரோக்கியத்துக்கு அது தெரிகிறது. வாயைத் திறக்க முடியவில்லை. யாரிடம் போய்ச் சொல்வாள்? எந்த ஊரைத் தன்னுடையது என்று நெஞ்சில் சுமந்தாளோ அந்த ஊரிடம்தான் முறையிட வேண்டும். ஒக்கொங்வோ இகெமெஃபூனாவின் மேல் ஓங்கிய கையில் தெரிந்ததைப்போலவே, பழைய உலகத்தின் அடியில் கிடக்கும் ரத்தம் இங்கே வெளியே தெரிகிறது. ஒரு வித்தியாசம்: ஒக்கொங்வோ வெட்டியவன், ஆரோக்கியம் வெட்டு வாங்கியவள். இருவருமே அந்த உலகம் போகிறதே என்றுதான் அழுகிறார்கள். வெட்டு வாங்கியவள் அழுவது இன்னும் ஆழமாக இறங்குகிறது.

இமையத்தின் மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரோக்கியம் பேசினால் பாதி பேச்சு, பாதி ஒப்பாரி. சாவு வீட்டில் அழுது பழகிய வாய் அது. ஒரு சின்ன மனத்தாங்கலைச் சொல்ல ஆரம்பித்தால்கூடப் பிறந்த வீட்டிலிருந்து தொடங்கி, வேளாங்கண்ணி மாதாவையும் அந்தோணியாரையும் சாட்சிக்கு இழுத்து, தன் தலையெழுத்தில் கொண்டுவந்து முடிப்பாள். அச்செபே ஆங்கிலத்தில் எழுதினாலும் இக்போ மக்களின் பழமொழியை வைத்துப் பேச்சைக் கட்டினார். இமையத்துக்கு அந்த வேலையை நடுநாட்டு ஒப்பாரி செய்து கொடுக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் இழவு வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து மாரடிக்கும் பெண்களின் குரலைக் கேட்டவர்களுக்கு அந்த வாக்கியங்களின் ஏற்ற இறக்கம் உடனே பிடிபடும். கேட்காதவர்கள் வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

மதம் இங்கே வேறு விதமாக வேலை செய்வதும் கவனிக்க வேண்டியது. அச்செபேயின் நாவலில் ஒதுக்கப்பட்டவன் சர்ச்சுக்குள் போனதும் சடைமுடியை மழித்துக்கொண்டு மனிதனாகிறான். ஆரோக்கியத்தின் குடும்பம் எப்போதோ வேதத்தில் சேர்ந்துவிட்டது; பெயரெல்லாம் சவுரி, மேரி, பீட்டர். தொழில் மட்டும் அப்படியே இருக்கிறது. பாதிரியார் வந்து மாற்றாததைச் சலவைக்கடை வந்து மாற்றுகிறது. காலனிய காலத்து ஆப்பிரிக்கக் கதையில் மாற்றம் பைபிளும் நீதிமன்றமுமாக வந்தது. நம் கதையில் அது இஸ்திரிப் பெட்டியாகவும் கூலிப் பணமாகவும் சத்தமில்லாமல் வருகிறது. எதிர்த்து நிற்க ஒரு வெள்ளைக்காரன்கூட இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாத துயரம் இது. நாயகனாக இருப்பதற்கு எதிரி வேண்டும் என்ற பழைய இலக்கணத்தை இமையம் இந்த இடத்தில் தாண்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நாவல் வந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் மேல்கீழை இப்படி வெளிச்சம் போட்டுக் காட்டலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் வலி நியாயமானது. இருந்தாலும் என் முடிவு இமையத்தின் பக்கம்தான். இரட்டைக் குழந்தைகளை மறைத்துவிட்டு அச்செபே எழுதியிருந்தால் ஒக்கொங்வோ வெறும் சிலையாகியிருப்பான். களத்தில் ஆரோக்கியத்துக்குக் குறைத்து அளந்த கையை இமையம் மறைத்திருந்தால் அவளும் அப்படியே ஆகியிருப்பாள்.

காலனிய காலத்தையே களமாகக் கொண்ட தமிழ் நாவலும் உண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 1988இல் நூலாக வந்தது. திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர் ஒன்றில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. அவர் வைத்ததே சட்டம். ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரப்போகிறது என்றதும் அதைத் தன் அதிகாரத்தின் மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொள்கிறார். குடும்பப் பெருமைக்கு மகள் ஆயிஷாவின் வாழ்க்கையையே விலையாகக் கொடுக்கிறார். கடைசியில் சித்தம் கலங்குகிறார். ஒக்கொங்வோவோடு ஒப்பிட வசதியானவர் இவர்தான். வீம்பு, அதிகாரம், புதுக்கல்வி மேல் பகை எல்லாம் பொருந்தும். ஆனால் மீரானுக்கு முதலாளி மேல் கோபம் அதிகம், இரக்கம் குறைவு. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால் முதலாளி விழும்போது ஊர் மூச்சுவிடுகிறது, நாமும் விடுகிறோம். துன்பியல் என்ற அளவில் அது ஒரு படி கீழே நின்றுவிடுகிறது. சமூக நாவலாக அதன் உயரம் வேறு.

நெய்வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் படிப்பதற்கு ஒரு தனிப் பொருள் உண்டு. 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957இல் சுரங்கம் வெட்டும் வேலையை நேரு தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரம். அதற்காக எழுந்து போன ஊர்களின் கதையை மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் 'வந்தாரங்குடி' நாவலில் எழுதியிருக்கிறார். நடுநாட்டுச் சொற்களுக்கென்றே அகராதி தொகுத்தவர் அவர். கொல்லை, வரப்பு, பலா, முந்திரி எல்லாம் அவர் எழுத்தில் பெயரோடும் மணத்தோடும் வரும். அங்கே விழுகிறவர் ஒருவரில்லை, ஊரே விழுகிறது. நிலம் கொடுத்த தகப்பனுக்கு மண்மேட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஷிப்டுக்குப் போகும் மகனுக்கு அதே மண்மேடுதான் சோறு. ஒரே திண்ணையில் ஒக்கொங்வோவும் நுவோயேயும் உட்கார்ந்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். இரண்டு பேரில் ஒருவரை முட்டாள் என்று எழுதுவது எளிது. குணசேகரன் அந்த எளிய வழியை எடுக்கவில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியபோது எனக்கு அச்செபேயின் இன்னொரு நாவல்தான் நினைவுக்கு வந்தது. 1964இல் வந்த 'ஆரோ ஆஃப் காட்'. அதில் எசெயுலு என்ற பூசாரி, வெள்ளை அதிகாரியால் சிறைவைக்கப்பட்டுத் திரும்பியவர், புதுக்கிழங்குத் திருவிழாவுக்கு நாள் குறிக்க மறுக்கிறார். விழா இல்லாமல் அறுவடை இல்லை. கிழங்கு மண்ணுக்குள்ளேயே வீணாகிறது. பசி தாங்காத ஜனங்கள் சர்ச்சுக்குப் போய் அங்கே படைத்துவிட்டு அறுக்கிறார்கள். பூசாரியின் பிடிவாதமே அவர் தெய்வத்தைத் தோற்கடிக்கிறது. விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவர முடியாத தவிப்பை உழவன் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் படிப்பான். 'சிதைவுகள்' அளவுக்கு இது பேசப்படவில்லை. கட்டுக்கோப்பில் அதைவிட இதுவே பெரியது என்பது என் எண்ணம்.

ஒரு வரிசை சொல்லச் சொன்னால், முதலில் 'சிதைவுகள்' படிக்கலாம்; அது முடிந்த கையோடு 'கோவேறு கழுதைகள்'. ஒக்கொங்வோவுக்காவது தன் கையால் ஒரு முடிவைத் தேடிக்கொள்ளும் வசதி இருந்தது. அவன் நண்பன் ஒபியரிக்கா வெள்ளை அதிகாரியின் முகத்துக்கு நேராக, இவன் எப்பேர்ப்பட்டவன் தெரியுமா என்று வெடித்தான். ஆரோக்கியத்துக்கு அப்படி வெடிக்க ஒரு நண்பன் இல்லை. அவள் சாகவும் இல்லை. விடிந்தால் வெள்ளாவி வைக்க வேண்டும், அந்தியில் சோற்றுக்குப் போக வேண்டும், ஊரில் ஒரு சாவு விழுந்தால் அவள்தான் முன்னே நிற்க வேண்டும்.